ரிப்போர்ட் சர்வரை நிறுத்துவதா, ரிப்போர்ட்டை நிறுத்துவதா?

கணக்குப் பிரிவிலிருந்து போன் வந்தால் பெரும்பாலும் ஒரே வாக்கியம்தான்: “ரிப்போர்ட் ஓபன் ஆகல சார், சர்வரை ஒருவாட்டி ரீஸ்டார்ட் பண்ணிடுங்க.” செய்துவிடலாம், அரை நிமிட வேலை. ஆனால் அந்த அரை நிமிடத்தில் எது அறுபடுகிறது, எது குவிகிறது, எது தடமே இல்லாமல் தொலைகிறது என்பது, நாம் எந்த இடத்தில் கை வைக்கிறோம் என்பதைப் பொறுத்தது. சேலத்து நூற்பாலைகளிலும் லாரி அலுவலகங்களிலும் மொத்த வியாபாரக் கடைகளிலும் ஈஆர்பியை, அதாவது கணக்கு, ஸ்டாக், உற்பத்தி எல்லாவற்றையும் சேர்த்து நடத்தும் மென்பொருளை, பார்த்துக்கொள்பவர்கள் ஒருவரோ இருவரோதான். டேட்டாபேஸ், பிரிண்டர், பயோமெட்ரிக், சிசிடிவி எல்லாமே அவர்கள் தலையில். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

நான் எடுத்துக்கொள்வது மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் சர்வர் ரிப்போர்ட்டிங் சர்வீசஸ், அதாவது எஸ்எஸ்ஆர்எஸ். டேட்டாபேஸிலிருந்து ரிப்போர்ட் தயாரித்துத் தரும் மென்பொருள் இது; ரிப்போர்ட் சர்வர் என்று கீழே சொல்வது இதைத்தான். 2004-ல் எஸ்கியூஎல் சர்வர் 2000-க்கான துணைப் பொருளாக வந்தது. 2017 பதிப்பிலிருந்து தனியாக நிறுவும் மென்பொருளாகப் பிரிந்தது. 2022 பதிப்போடு அந்தப் பெயரில் வெளியீடு முடிகிறது. எஸ்கியூஎல் சர்வர் 2025 முதல் அந்த இடத்துக்கு பவர் பிஐ ரிப்போர்ட் சர்வர் வருகிறது. கீழே சொல்வதில் பெரும்பகுதி இரண்டுக்குமே பொருந்தும்.

மணி அடிப்பவர் வேறு, வேலை செய்பவர் வேறு

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். தினமும் காலையில் முதலாளியின் மெயிலுக்குப் போகும் ஸ்டாக் ரிப்போர்ட்டை அனுப்புவது ரிப்போர்ட் சர்வர்தான். ஆனால் “மணி ஆகிவிட்டது” என்று சொல்வது அது இல்லை, எஸ்கியூஎல் சர்வர் ஏஜென்ட் என்ற தனி சர்வீஸ் (பின்னணியில் ஓடும் நிரல்). குறித்த நேரம் வந்ததும் ஏஜென்ட்டில் வைத்திருக்கும் வேலை, அதாவது ஜாப், ஓடி, ரிப்போர்ட் சர்வர் டேட்டாபேஸில் உள்ள ஈவென்ட் என்ற டேபிளில் ஒரு வரியைப் போடுகிறது. ஏஜென்ட்டின் வேலை அங்கேயே முடிந்தது. ரிப்போர்ட் சர்வர் அந்த டேபிளை, இயல்பு அமைப்பில், 10 நொடிக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கும். வரி இருந்தால் எடுத்து, ரிப்போர்ட்டை ஓட்டி, மெயிலிலோ ஃபோல்டரிலோ சேர்க்கும்.

இதனால் இரண்டு சர்வீஸ்களில் எதை நிறுத்தினாலும் “ரிப்போர்ட் வரவில்லை” என்பதுதான் வெளியே தெரியும். பின்விளைவுகளோ நேர் எதிர்.

ரிப்போர்ட் சர்வர் சர்வீஸை மட்டும் நிறுத்தினால் ஏஜென்ட் தன்பாட்டுக்கு வரிகளைப் போட்டுக்கொண்டே இருக்கும். கார்டிங் ஓடிக்கொண்டிருக்க ஸ்பின்னிங்கை மட்டும் நிறுத்தினால் ஸ்லைவர் கேன்கள் (முறுக்காத பஞ்சிழை நிரம்பிய டப்பாக்கள்) வரிசைகட்டி நிற்குமே, அப்படி. மீண்டும் தொடங்கியதும், சேர்ந்து கிடப்பதை வந்த வரிசையிலேயே ஒவ்வொன்றாக ஓட்டித் தீர்க்கும். எதுவும் தொலையாது.

ஏஜென்ட்டை நிறுத்தினால் வரி போடவே ஆள் இல்லை. அந்த நேரத்துக்கு உரிய ரிப்போர்ட்கள் உருவாவதே இல்லை. திரும்பத் தொடங்கினால் அந்த நிமிடத்திலிருந்துதான் கணக்கு. விட்டுப்போனதை அது தேடிப் பிடித்துச் செய்யாது. இன்னொரு ஆபத்தும் இதில் உண்டு. பல இடங்களில் டேட்டாபேஸ் பேக்கப்பும் இதே ஏஜென்ட்டில்தான் ஓடுகிறது. ரிப்போர்ட்டை நிறுத்தப் போய் இரவு பேக்கப்பையும் சேர்த்து நிறுத்தியவர்கள் உண்டு. ஆகவே ரிப்போர்ட்டுக்காக ஏஜென்ட்டைத் தொடாதீர்கள். இந்தத் தேர்வை நான் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுவேன்.

சேர்த்து இன்னொன்று: ஏஜென்ட்டின் ஜாப் ஹிஸ்டரியில் பச்சை டிக் இருப்பதைப் பார்த்து “ரிப்போர்ட் போயிடுச்சு” என்று பதில் சொல்லக் கூடாது. டேபிளில் வரி போட்டாயிற்று என்பதற்கு மட்டும்தான் அந்த டிக். ரிப்போர்ட் சர்வர் நாள் முழுக்க நின்றிருந்தாலும் ஜாப் ஹிஸ்டரி முழுக்கப் பச்சையாகவே இருக்கும். உண்மை தெரிய வேண்டுமானால் சப்ஸ்கிரிப்ஷன் (குறித்த நேரத்தில் ரிப்போர்ட்டைத் தானாக அனுப்பும் ஏற்பாடு) பக்கத்தில் கடைசி ஓட்டத்தின் நிலையைப் பாருங்கள். அல்லது ரிப்போர்ட் ஓட்டங்களின் பதிவைக் காட்டும் எக்ஸிக்யூஷன்லாக்3 வியூவை ரிப்போர்ட் சர்வர் டேட்டாபேஸில் திறங்கள்.

குவிவது எப்போதும் நல்லதா?

மேலே சொன்னதைப் படித்தால், குவிந்தால் பரவாயில்லை, தொலைந்தால்தான் பிரச்சினை என்று தோன்றும். பாதிதான் சரி. இந்த முடிவில் அதிகம் யோசிக்க வேண்டிய இடமே இதுதான்.

வரிசையில் காத்திருப்பது ரிப்போர்ட் இல்லை, “ரிப்போர்ட்டை ஓட்டு” என்ற ஆணை மட்டும்தான். டேட்டா எடுக்கப்படுவது ஓடும் நேரத்தில். காலை 10 மணி ஸ்டாக் ரிப்போர்ட் வரிசையில் தங்கி மாலை 4 மணிக்கு ஓடினால் அதில் இருப்பது மாலை 4 மணி ஸ்டாக். மணிக்கு ஒருமுறை போகும் ரிப்போர்ட் என்றால், நிறுத்தியிருந்த நேரத்துக்கு உரிய எல்லா மெயில்களும் ஒரே மூச்சில் போய்ச் சேரும், கிட்டத்தட்ட ஒரே எண்களோடு. பார்ப்பவர் குழம்புவார், அவ்வளவுதான். பெரிய சேதம் இல்லை.

சேதம் ஷிஃப்ட் ரிப்போர்ட்டில் வருகிறது. மூன்று ஷிஃப்ட் ஓடும் மில்லில் இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒரு ஷிஃப்ட் என்று வைத்துக்கொள்வோம். காலை 6.15-க்கு உற்பத்தி ரிப்போர்ட் மேனேஜருக்குப் போக வேண்டும். அதை எழுதியவர் சுருக்கமாக “இந்த நேரத்திலிருந்து பின்னால் எட்டு மணி நேரம்” என்று கேட்டு எழுதியிருப்பார். தினமும் சரியான நேரத்தில் ஓடும்வரை யாருக்கும் குறை தெரியாது. ஒருநாள் அதிகாலை 5 மணிக்கு ரிப்போர்ட் சர்வரை நிறுத்தி, அப்டேட் போட்டு, 9.30-க்குத் தொடங்குகிறீர்கள். காத்திருந்த ஆணை ஓடுகிறது. இப்போது பின்னால் எட்டு மணி நேரம் என்றால் அதிகாலை 1.30 முதல் 9.30 வரை. பாதி இரவு ஷிஃப்ட், பாதி காலை ஷிஃப்ட். தலைப்பில் “இரவு ஷிஃப்ட்” என்றே இருக்கும். எண்ணும் நம்பும்படியாகவே இருக்கும், ஏனென்றால் எட்டு மணி நேர உற்பத்தி எட்டு மணி நேர உற்பத்தி மாதிரிதான் தெரியும். அதை வைத்து ஒரு மேஸ்திரியைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்பார்கள். அவர் செய்யாத குறைவுக்கு அவர் பதில் சொல்ல நேரும்.

வராத ரிப்போர்ட்டை யாராவது கேட்டுவிடுவார்கள். தப்பான எண்ணோடு வந்துவிட்டதை யாரும் கேட்க மாட்டார்கள். அதனால் “இப்போதிலிருந்து பின்னால்” என்று கணக்குப் போடும் ரிப்போர்ட்கள் எல்லாவற்றுக்கும், தாமதமாக ஓடுவதைவிட ஓடாமலே இருப்பது மேல் என்பது என் உறுதியான எண்ணம். விற்பனைப் பதிவேடு, கொள்முதல் பதிவேடு, கடந்த மாத ஜிஎஸ்டி சுருக்கம் போல மாதமோ தேதியோ நிலையாகக் குறிக்கப்பட்ட ரிப்போர்ட்கள் எத்தனை மணி நேரம் காத்திருந்தாலும் அதே எண்ணைத்தான் தரும். அவை குவியட்டும்.

நிரந்தரத் தீர்வு என்னவோ ரிப்போர்ட்டைத் திருத்துவதுதான். ஷிஃப்ட் தேதியையும் ஷிஃப்ட் எண்ணையும் ஈஆர்பியின் ஷிஃப்ட் டேபிளிலிருந்து எடுத்துக்கொள்ளும்படி எழுதிவிட்டால், 6.15-க்கு ஓடினாலும் 9.30-க்கு ஓடினாலும் கடைசியாக முடிந்த ஷிஃப்டையே அது காட்டும். ஒரு மதிய வேலை. செய்து முடித்தால் சர்வரை நிறுத்தும் முடிவு பாதி எளிதாகிவிடும். அதுவரை, எந்தெந்த ரிப்போர்ட் எந்த வகை என்று ஒரு காகிதத்திலாவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கையில் உள்ள வழிகள்

சரி, ஏஜென்ட்டை விட்டுவிட்டோம். மீதம் இருப்பவை என்ன?

முதலாவது முழு நிறுத்தம். ரிப்போர்ட் சர்வர் சர்வீஸையே நிறுத்துவது. திரையில் யாராவது ரிப்போர்ட் பார்த்துக்கொண்டிருந்தால் அது அந்த இடத்திலேயே அறுந்துபோகும். ஓடிக்கொண்டிருந்த சப்ஸ்கிரிப்ஷன் பாதியில் நிற்கும். ரிப்போர்ட்களைத் திறக்கும் வலைப்பக்கமும் திறக்காது. அப்டேட் போடும்போதும், சர்வர் இயந்திரத்தையே அணைக்கும்போதும், சர்வீஸ் பதில் சொல்லாமல் உறைந்துபோனபோதும் இதைத் தவிர வேறு வழி இல்லை. மற்ற காரணங்களுக்கு இது பெரிய ஆயுதம்.

இரண்டாவது ரீசைக்கிள். இது பலருக்குத் தெரியாமலேயே தினமும் நடந்துகொண்டிருக்கிறது. எஸ்எஸ்ஆர்எஸ் தன் அப்ளிகேஷன் டொமைனை (சர்வீஸுக்குள் வேலைகள் ஓடும் தனிப் பகுதியை) இயல்பாக 720 நிமிடத்துக்கு ஒருமுறை, அதாவது 12 மணி நேரத்துக்கு ஒருமுறை, தானே புதுப்பித்துக்கொள்கிறது. புதிதாக ஒரு டொமைன் எழும்பும். புதுக் கோரிக்கைகள் எல்லாம் அங்கே போகும். பழையதில் ஓடிக்கொண்டிருப்பவற்றுக்கு முடித்துக்கொள்ள இயல்பாக 30 நிமிடம் அவகாசம். அதற்குள் முடியாததுதான் நிறுத்தப்படும். ரிப்போர்ட் சர்வரின் அமைப்புகள் உள்ள கன்ஃபிக் ஃபைலில் மாற்றம் செய்து சேமித்தாலும் இதே ரீசைக்கிள் நடக்கும். முழு நிறுத்தத்தைவிட இது எவ்வளவோ மென்மையானது. நினைவகம் வீங்கியிருக்கிறது, ஏதோ மந்தமாக இருக்கிறது என்றால், ரீஸ்டார்ட்டுக்குப் போகும் முன் இதுவே போதுமா என்று பாருங்கள்.

இதற்கு ஒரு விலை உண்டு. ரீசைக்கிள் ஆன பிறகு வரும் முதல் கோரிக்கை மெதுவாகத்தான் திறக்கும். காலை 9.30-க்கு சர்வீஸைத் தொடங்கினால் இரவு 9.30-க்கும் மறுநாள் காலை 9.30-க்கும் ரீசைக்கிள் விழும். எல்லாரும் வந்து உட்கார்ந்து முதல் ரிப்போர்ட்டைத் திறக்கும் நேரம் அது. “தினமும் காலையில் மட்டும் ஸ்லோ” என்ற புகாருக்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். அதிகாலை 4 மணிக்குத் தொடங்கிவிட்டால் சுற்று 4 மணியோடு ஓடும். மாலை 4 மணிக்கு விழுவதும் சங்கடமாக இருந்தால் கன்ஃபிக் ஃபைலில் ரீசைக்கிள்டைம் மதிப்பை 1440 ஆக்கி ஒரு நாளைக்கு ஒருமுறை என்று வைக்கலாம். அதோடு, அதிகாலையில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் வலைப்பக்கத்தை ஒருமுறை திறந்து பார்க்கும்படி வைத்தால், அந்த முதல் தாமதம் மனிதர் யார் தலையிலும் விழாது.

மூன்றாவது, சர்வரை விட்டுவிட்டு ரிப்போர்ட்டை மட்டும் நிறுத்துவது. பலரும் பயன்படுத்தத் தவறும் வழி இதுதான், எனக்கு அதிகம் பிடித்ததும் இதுவே. பொது ஷெட்யூல் ஒன்றை உருவாக்கி அதில் சப்ஸ்கிரிப்ஷன்களைக் கட்டியிருந்தால், அந்த ஷெட்யூலை மட்டும் வலைப்பக்கத்திலிருந்தே இடைநிறுத்தலாம். ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் தனித்தனியாக நேரம் கொடுத்திருந்தால் இந்த வசதி இல்லை. ஆகவே புதிதாக அமைப்பவர்கள் முதல் நாளிலிருந்தே பொது ஷெட்யூல்களைப் பயன்படுத்துங்கள். “ஷிஃப்ட் முடிவு”, “காலை சுருக்கம்”, “மாத முடிவு” என்று சில ஷெட்யூல்களே போதும். 2016 பதிப்பிலிருந்து தனி சப்ஸ்கிரிப்ஷனையும் முடக்கி, பிறகு இயக்க முடிகிறது. ஆண்டு இறுதிக் கணக்கு முடியும்வரை லாப நட்ட ரிப்போர்ட் யாருக்கும் போக வேண்டாம் என்று முதலாளி சொன்னால் அதற்கு சர்வரை நிறுத்தத் தேவையே இல்லை.

நான்காவது ஒரு நடுவழி. கன்ஃபிக் ஃபைலில் ஷெட்யூலிங், நோட்டிஃபிகேஷன், ஈவென்ட் ஆகிய மூன்று சேவைகளுக்கும் தனித்தனி வரி இருக்கிறது. அவற்றை ஃபால்ஸ் ஆக்கினால் பின்னணி வேலைகள் நிற்கும்; திரையில் ரிப்போர்ட் பார்ப்பது நடக்கும். மெயில் சர்வர் மாறுகிறது, இரண்டு நாள் எதுவும் வெளியே போகக் கூடாது, ஆனால் உள்ளே எல்லாரும் ரிப்போர்ட் பார்க்க வேண்டும் என்றால் இது நல்ல வழி. வரிசை மட்டும் குவியும் என்பது நினைவில் இருக்கட்டும்.

ஒரே வேலையில் இரண்டு வழிகளைச் சேர்க்கவும் வேண்டியிருக்கும். காலையில் அப்டேட், சர்வர் நின்றே ஆக வேண்டும், ஷிஃப்ட் ரிப்போர்ட்டும் பழைய பாணியில்தான் எழுதப்பட்டிருக்கிறது என்றால்: முதலில் அந்த சப்ஸ்கிரிப்ஷனை முடக்குங்கள். அப்புறம் சர்வீஸை நிறுத்தி வேலையை முடியுங்கள். சர்வீஸைத் தொடங்கி, வரிசை முழுக்கக் காலியானதை உறுதி செய்த பிறகே சப்ஸ்கிரிப்ஷனை மறுபடி இயக்குங்கள். அவசரப்பட்டு முதலிலேயே இயக்கினால், எந்தத் தப்பான ரிப்போர்ட்டைத் தவிர்க்க இவ்வளவும் செய்தோமோ அதுவே போய்விட வழியுண்டு. விட்டுப்போன ஷிஃப்டை சரியான நேர அளவோடு கையால் ஓட்டி அனுப்பிவிடலாம்.

தினசரி தானியங்கி ரீஸ்டார்ட் பற்றி

டாஸ்க் ஷெட்யூலரில் ஒரு பேட்ச் ஃபைலைப் போட்டு, தினமும் நள்ளிரவில் ரிப்போர்ட் சர்வரை நிறுத்தித் தொடங்கும் வழக்கம் நிறைய இடங்களில் இருக்கிறது. முன்பு வேலை பார்த்தவர் வைத்துவிட்டுப் போனதாக இருக்கும். ஏன் என்று யாருக்கும் தெரியாது. நான் இதை எதிர்க்கிறேன்.

பகல் நேரக் கடைக்கு வேண்டுமானால் நள்ளிரவு அமைதியான நேரம். மூன்று ஷிஃப்ட் மில்லுக்கு அப்படி ஒரு நேரமே கிடையாது. அது போக, தினசரி ரீஸ்டார்ட் என்பது பெரும்பாலும் நினைவகப் பிரச்சினையை மூடி வைக்கும் போர்வை. ஒரே இயந்திரத்தில் டேட்டாபேஸும் ரிப்போர்ட் சர்வரும் இருக்கும்போது இரண்டும் நினைவகத்துக்கு அடித்துக்கொள்ளும். டேட்டாபேஸுக்கு அதிகபட்ச நினைவகம் என்று ஒரு வரம்பு வையுங்கள். ரிப்போர்ட் சர்வருக்கும் கன்ஃபிக் ஃபைலில் வொர்க்கிங்செட்மேக்ஸிமம் என்ற வரியைச் சேர்த்து வரம்பு கொடுக்கலாம். இயல்பாக அந்த வரி ஃபைலில் இருக்காது, நாம்தான் எழுத வேண்டும். அதன்பிறகும் திணறினால் எக்ஸிக்யூஷன்லாக்கில் எந்த ரிப்போர்ட் எவ்வளவு நேரம் எடுக்கிறது, டேட்டாவில் எத்தனை வரிகளை இழுக்கிறது என்று பாருங்கள். மூன்று வருட லெட்ஜரை எக்செலில் இறக்கும் ஒரே ஒரு ரிப்போர்ட்தான் காரணமாக இருக்கும். அதைச் சரிசெய்தால் நள்ளிரவு ரீஸ்டார்ட் தேவைப்படாது.

எந்தக் கருவி?

இதில் அதிகம் யோசிக்க எதுவும் இல்லை. ரிப்போர்ட் சர்வர் கன்ஃபிகரேஷன் மேனேஜரில் உள்ள ஸ்டாப், ஸ்டார்ட் பட்டன்கள், விண்டோஸின் சர்வீசஸ் பட்டியல், நெட் ஸ்டாப் கட்டளை, பவர்ஷெல் எல்லாம் கடைசியில் செய்வது ஒரே வேலை. ஸ்கிரிப்ட் எழுதுபவர்கள் ஒன்றைக் கவனிக்கவும்: 2016 வரை டீஃபால்ட் இன்ஸ்டன்ஸின் சர்வீஸ் பெயர் ரிப்போர்ட்சர்வர் என்று இருந்தது, 2017 முதல் அது எஸ்கியூஎல்சர்வர்ரிப்போர்ட்டிங்சர்வீசஸ் என்று ஒரே சொல்லாக மாறிவிட்டது. பதிப்பை உயர்த்திய பிறகு பழைய ஸ்கிரிப்ட் எந்த வேலையும் செய்யாமல் பிழையோடு முடியும்.

சர்வீஸ் கணக்கையோ பாஸ்வேர்டையோ மாற்றுவதாக இருந்தால் மட்டும் கன்ஃபிகரேஷன் மேனேஜரைத் தவிர வேறு எதையும் தொடாதீர்கள். ரிப்போர்ட் சர்வர் தன் ரகசியத் தகவல்களைப் பூட்டி வைக்கும் என்கிரிப்ஷன் சாவியும் அதோடு சேர்ந்து மாற வேண்டும். அதை அந்தக் கருவி பார்த்துக்கொள்ளும், சர்வீசஸ் பட்டியல் பார்த்துக்கொள்ளாது. சாவியின் பேக்கப் ஒன்று வேறு இயந்திரத்தில் எப்போதும் இருக்கட்டும்.

தொடங்கும்போது வரும் ஒரு வழக்கமான சிக்கல்: விண்டோஸ் ஒரு சர்வீஸுக்குத் தொடங்க 30 நொடி கொடுக்கும். அதற்குள் பதில் வராவிட்டால் 7009 என்ற எண்ணோடு ஈவென்ட் லாக்கில் பிழை எழுதிவிட்டுக் கைவிட்டுவிடும். பழைய இயந்திரத்திலும், இணையம் அடைக்கப்பட்ட சர்வரிலும் இது நடக்கிறது. ரெஜிஸ்ட்ரியில் சர்வீசஸ்பைப்டைமவுட் மதிப்பை 60000 மில்லி நொடியாக உயர்த்தி இயந்திரத்தை ஒருமுறை ரீபூட் செய்தால் பெரும்பாலும் தீரும்.

நாள் பார்ப்பது

எந்த வழி என்பதைப் போலவே எந்த நாள் என்பதும் முக்கியம். ஜிஎஸ்டிஆர்-1 மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு 11-ம் தேதி. பிஎஃப், இஎஸ்ஐ 15-ம் தேதி. ஜிஎஸ்டிஆர்-3பி 20-ம் தேதி. டிடிஎஸ் கட்ட 7-ம் தேதி. இதை யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

கவனிக்கப்படாமல் போவது இதுதான்: மைக்ரோசாஃப்டின் மாதாந்திர அப்டேட்கள் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியாகின்றன. இரண்டாவது செவ்வாய் எந்த மாதமானாலும் 8-க்கும் 14-க்கும் இடையில்தான் விழும். அமெரிக்கக் காலை நமக்கு இரவு. ஆகவே புதன்கிழமை காலைக்குள் அப்டேட் சர்வருக்கு இறங்கி, தானாக ரீபூட் ஆகக் காத்திருக்கும். அதாவது விண்டோஸை அதன் போக்கில் விட்டால், ஜிஎஸ்டிஆர்-1-க்கும் பிஎஃபுக்கும் ஆடிட்டர் அலுவலகத்தோடு மல்லுக்கட்டும் அதே வாரத்தில் சர்வர் தானாக நின்று எழும். சர்வரில் தானியங்கி ரீபூட்டை அடைத்துவிட்டு, 20-ம் தேதிக்குப் பிறகு ஒரு நாளை நீங்களே குறியுங்கள். மிக அவசரமான பாதுகாப்பு அப்டேட் என்றால் மட்டும் காத்திருக்காதீர்கள்.

அந்த நாளைக் குறிக்க நம் ஊரில் ஒரு நல்ல வசதி இருக்கிறது. மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்காகத் துணை மின்நிலைய வாரியாக மின்தடையை முன்கூட்டியே அறிவிக்கிறது. அம்மாபேட்டையோ கொண்டலாம்பட்டியோ செவ்வாய்ப்பேட்டையோ, உங்கள் பகுதி எந்த நாளில் என்று தினசரிகளில் வந்துவிடும். ஜெனரேட்டர் இல்லாத அலுவலகத்தில் அன்று பகலில் பெரிதாக வேலை நடக்காது. எப்படியும் நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்கிறபோது, அப்டேட்டை முந்தைய மாலை இறக்கி வைத்துவிட்டு, மின்சாரம் போகும் முன் நிறுவி முடித்து, மின்சாரம் வந்ததும் ஒரே தொடக்கமாகத் தொடங்கலாம். இரண்டு நிறுத்தங்கள் ஒன்றாகிவிடும்.

முன்னறிவிப்பு இல்லாத மின்வெட்டு வேறு விஷயம். யுபிஎஸ் பேட்டரி தீரும்வரை காத்திருந்து எல்லாம் ஒன்றாக விழுவது மோசமான முடிவு. ரிப்போர்ட் சர்வர் விழுந்தால் ரிப்போர்ட்தான் போகும். டேட்டாபேஸ் விழுந்தால் மறுபடி எழும்போது ரெகவரிக்கு நேரம் எடுக்கும், சில சமயம் அதைவிடப் பெரிய வேதனையும் வரும். பேட்டரி பாதி ஆகும்போதே யுபிஎஸ் மென்பொருள் ஒரு ஸ்கிரிப்டை ஓட்டட்டும்: முதலில் ரிப்போர்ட் சர்வர், பிறகு ஏஜென்ட், கடைசியில் டேட்டாபேஸ். தொடங்கும்போது டேட்டாபேஸ் முதலில், அடுத்து ரிப்போர்ட் சர்வர், அதன் வலைப்பக்கம் திறப்பதைக் கண்ணால் பார்த்த பிறகு ஏஜென்ட். ஏஜென்ட்டைக் கடைசியில் வைக்கக் காரணம், ரிப்போர்ட் சர்வர் எழாமல் போனாலும் அது பச்சை டிக் போட்டுக்கொண்டே போய்விடும் என்பதுதான். இயந்திரம் முழுவதும் அணைந்திருந்த நேரத்தில் ஏஜென்ட்டும் இல்லை என்பதால், அந்த நேரத்து ரிப்போர்ட்கள் குவிந்திருக்காது, தொலைந்தே போயிருக்கும். எவை என்று பார்த்துக் கையால் ஓட்ட வேண்டும். ஏஜென்ட்டில் ஜாப் பெயர்கள் நீண்ட எண்ணெழுத்துக் கோவைகளாக இருக்கும், பார்த்ததும் எந்த ரிப்போர்ட் என்று புரியாது. சப்ஸ்கிரிப்ஷன் பெயரையும் ஜாப் பெயரையும் ஒரு எக்செலில் சேர்த்து வைத்தால் அன்று கை கொடுக்கும்.

ஆளில்லாத நேரத்தில் மின்சாரம் திரும்பினால்? சர்வீஸை ஆட்டோமேட்டிக், தாமதத் தொடக்கம் என்று வையுங்கள். மற்ற ஆட்டோமேட்டிக் சர்வீஸ்கள் எழுந்து இரண்டு நிமிடம் கழித்து இது எழும், அதற்குள் டேட்டாபேஸ் தயாராகியிருக்கும். அந்த சர்வீஸின் அமைப்பில் உள்ள ரெகவரி பகுதியில் மூன்று தோல்விகளுக்கும் “சர்வீஸை மறுபடி தொடங்கு” என்று கொடுத்துவிடுங்கள்.

வேறு மென்பொருள் வைத்திருப்பவர்கள்

பெயர்கள் மாறும், கேள்வி மாறாது. எஸ்ஏபி பிசினஸ்ஆப்ஜெக்ட்ஸில் ஒரு சர்வரை முடக்குவது, நிறுத்துவது, கட்டாயமாகக் கொல்வது என்று மூன்றையும் தனித்தனியாகவே வைத்திருக்கிறார்கள். முடக்கினால் புது வேலை ஏற்காது, கையில் இருப்பதை முடிக்கும். ஜாப் சர்வரை முதலில் முடக்கி, ஓடுவது முடிந்த பிறகு நிறுத்துவதுதான் முறை. இந்தத் தெளிவு எஸ்எஸ்ஆர்எஸ்ஸில் இல்லை என்பது எனக்கு உண்மையாகவே குறை. ஆரக்கிள் ரிப்போர்ட்ஸிலும் நார்மல், இம்மீடியட் என்று இரண்டு வகை நிறுத்தம் உண்டு. நார்மல் இருப்பதை முடித்துவிட்டு நிற்கும். எஸ்எஸ்ஆர்எஸ்ஸில் அதே பலன் வேண்டுமானால் நாமே கையால் செய்ய வேண்டும்: ஷெட்யூலை இடைநிறுத்தி, எஸ்கியூஎல் சர்வரை நிர்வகிக்கும் கருவியான மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவில் ரிப்போர்ட்டிங் சர்வீசஸுக்கு இணைந்து ஜாப்ஸ் ஃபோல்டரைத் திறந்து, எதுவும் ஓடவில்லை என்று பார்த்து, அப்புறம் நிறுத்துவது.

எஸ்கியூஎல் சர்வரின் இலவசப் பதிப்பான எக்ஸ்பிரஸ் வைத்திருக்கும் சின்னக் கடைகளுக்கு ஏஜென்ட்டே இல்லை, சப்ஸ்கிரிப்ஷனும் இல்லை. அவர்கள் யாரும் ரிப்போர்ட் பார்க்காத நேரம் பார்த்து நிறுத்தினால் போதும்.

யாருக்கு எது

மூன்று ஷிஃப்ட் மில் என்றால் என் தேர்வு: சாதாரண நாட்களில் ரீஸ்டார்ட் கிடையாது, ரீசைக்கிள் தன் வேலையைப் பார்க்கட்டும். மாதம் ஒருமுறை அப்டேட்டுக்கு முழு நிறுத்தம், ஷிஃப்ட் மாற்றத்திலிருந்து விலகிய நேரத்தில். காலை ஷிஃப்ட் தொடங்கி, 6.15 ரிப்போர்ட் போய்ச் சேர்ந்த பிறகு, 7 மணிவாக்கில் வைத்தால் அடுத்த ஷிஃப்ட் முடிவுக்கு நிறைய நேரம் இருக்கிறது. நள்ளிரவைவிட இது நல்லது. ஏதாவது தவறினால் போனை எடுக்க வெண்டர் பக்கத்தில் ஆள் கிடைப்பார்.

லீ பஜார் மொத்த வியாபாரிக்கும் லாரி அலுவலகத்துக்கும் அவ்வளவு நுணுக்கம் தேவையில்லை. கடை அடைத்த பின் நிறுத்தித் தொடங்கலாம். ஒரே நிபந்தனை, ட்ரிப் ஷீட் சுருக்கமோ வசூல் ரிப்போர்ட்டோ இரவில் போவதாக இருந்தால் அது போய்ச் சேர்ந்ததைப் பார்த்துவிட்டு நிறுத்த வேண்டும்.

சர்வர் சேலத்தில், எஸ்டேட் ஏற்காட்டில் என்று இருப்பவர்களின் நிலைமை வேறு. அங்கே இடி மழைக்கு மின்சாரமும் இணையமும் போய் வரும். சர்வரில் எந்தக் கோளாறும் இல்லாமலேயே “ரிப்போர்ட் ஓபன் ஆகல” என்று போன் வரும். கீழே சர்வரை ரீஸ்டார்ட் செய்வதால் மேலே இணைப்பு வந்துவிடாது; சேலம் அலுவலகத்தில் ஓடிக்கொண்டிருந்த ரிப்போர்ட்கள்தான் அறுபடும். முதலில் உள்ளூரிலிருந்து அதே ரிப்போர்ட்டைத் திறந்து பாருங்கள். திறந்தால் சர்வரைத் தொடாதீர்கள். காபி பறிப்பு நடக்கும் மாதங்களில் மஸ்டர் ரோலும் (வருகைப் பதிவேடு) வாரக் கூலிப் பட்டியலும் எஸ்டேட்டுக்கு நேரத்துக்குப் போக வேண்டும். அவற்றை வலைப்பக்கத்தில் திறக்கச் சொல்லாமல், பிடிஎஃபாக மெயிலுக்குப் போகும் சப்ஸ்கிரிப்ஷனாக, கூலி நாளுக்கு முந்தைய மாலைக்கு வைத்துவிடுங்கள். இணைப்பு எப்போது வருகிறதோ அப்போது மெயில் இறங்கும், எஸ்டேட்டின் கணக்கெழுதும் ரைட்டர் அதை அச்செடுத்துக்கொள்வார்.